கத்தியின் எஃகும் தண்ணீர்க் கல்லும்: முதல்முறை தீட்டுபவர்களுக்கு

நல்ல சமையல் கத்தி ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிறவர் முதலில் போய் மாட்டிக்கொள்வது எஃகின் பெயர்களில்தான். விஜி-10, ஆஸ்-10, எஸ்ஜி2, ஷிரோகாமி, அஓகாமி, 67 அடுக்கு டமாஸ்கஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எது உசத்தி என்று நாள்கணக்கில் படித்து, கையிருப்பைக் கரைத்து வாங்கி, ஆறு மாதத்தில் தக்காளித் தோல் வழுக்க ஆரம்பித்ததும் "என்ன ஸ்டீலோ போ" என்று சலித்துக்கொள்வார்கள். ஸ்டீல் மேல் தப்பில்லை. நன்றாகத் தீட்டிய நானூறு ரூபாய்க் கத்தி, தீட்டாத பத்தாயிரம் ரூபாய்க் கத்தியைவிட நன்றாக வெட்டும்.

எஃகின் சேர்மானத்தைத் தெரிந்துகொள்வது வீண் என்று சொல்லவில்லை. எந்தக் கோணம் தாங்கும், எந்தக் கல் போதும், துருப்பிடிக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. கத்தி கூராவதும் ஆகாமல் போவதும் வேறு ஒன்றில் இருக்கிறது: கல்லில் தேய்க்கும்போது கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், எழும் மெல்லிய பிசிறு. அது எழுந்ததா, பிறகு போனதா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத் தீட்டத் தெரியும். முதலில் எஃகைப் பார்த்துவிடலாம்.

எஃகில் என்ன கலந்திருக்கிறது

எஃகு என்றால் இரும்பும் கார்பனும். சமையல் கத்திகளில் கார்பன் சுமார் அரை சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதம் வரை இருக்கும். காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் எஃகு இறுகுவதற்கு இந்தக் கார்பன்தான் காரணம். அப்படியே விட்டால் தட்டினால் உடைந்துவிடும் என்பதால், மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் கொடுப்பார்கள். சமையல் கத்திகளுக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். கடைசியில் கிடைக்கும் கடினத்தை ராக்வெல் சி அளவில், அதாவது எச்ஆர்சி எண்ணாகச் சொல்வார்கள். 52 என்றால் மென்மை, 56 நடுத்தரம், 60-க்கு மேல் கெட்டி.

அடுத்தது குரோமியம். 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்பது பொது வரையறை. ஆனால் கத்தி எஃகில் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. கார்பன் அதிகமாக இருந்தால் குரோமியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து கார்பைடாக, அதாவது கார்பனும் உலோகமும் சேர்ந்த கெட்டியான துகளாக, மாற்றிவிடும்; மீதி இருப்பதுதான் துருவைத் தடுக்கும். டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம், கார்பன் ஒன்றரை சதவீதம். எண்ணைப் பார்த்தால் ஸ்டெயின்லெஸ் போலத் தெரியும். எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்துப் பாருங்கள், புள்ளி விழுந்திருக்கும்.

வனேடியம், டங்ஸ்டன், மாலிப்டினம் போன்றவை சேரச் சேரக் கெட்டியான கார்பைடுகள் கூடும். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதே அளவுக்குத் தீட்டவும் நேரமெடுக்கும், வாயில் பொக்கை விழும், அதாவது சிறு துண்டு உடைந்துபோகும், வாய்ப்பும் கூடும். இதில் இலவசமாக எதுவும் வராது.

சில பெயர்களைப் பார்த்தாலே சேர்மானம் தெரிந்துவிடும். ஜெர்மன் கத்திகளின் அலகில் எக்ஸ்50 என்று தொடங்கி, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் குறியீடுகளும் வந்து, 15 என்று முடியும் ஒரு பெயரைப் பொறித்திருப்பார்கள். 50 என்பது 0.50 சதவீதக் கார்பன். கடைசி 15 என்பது 15 சதவீதக் குரோமியம். இதற்கே 1.4116 என்று இன்னொரு எண்ணும் உண்டு. கடினம் 55 முதல் 58 வரை. துருப்பிடிக்காது, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது, கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்கு இதைவிட நல்ல எஃகு கிடையாது என்பது என் கட்சி.

விஜி-10 ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில் எச்சிசென் ஊரில் இருக்கும் டகேஃபு ஆலையின் எஃகு. கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 15, மாலிப்டினம் 1, கோபால்ட் ஒன்றரை. கடினம் 60, 61. அதே ஆலையின் எஸ்ஜி2 பொடி உலோகத்தை அழுத்திச் செய்வது. வனேடியம் சுமார் 2 சதவீதம், கடினம் 62-க்கு மேல். கூர் நிறைய நாள் தாங்கும். முதல் கத்தியாக இது வேண்டாம்.

ஷிரோகாமி என்றால் வெள்ளைத் தாள், அஓகாமி என்றால் நீலத் தாள். ஷிமானே மாகாணத்தின் யசுகி ஆலையில் எஃகைச் சுற்றிவந்த தாளின் நிறமே பெயராகிவிட்டது. ஷிரோகாமி 2-இல் 1.05 முதல் 1.15 சதவீதம் கார்பன். அதைத் தவிர வேறு உலோகம் ஏறக்குறைய இல்லை. அஓகாமி 2-இல் அதே கார்பனோடு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் டங்ஸ்டனும் சிறிது குரோமியமும் உண்டு. இரண்டுமே துருப்பிடிக்கும். ஆனால் கல்லில் வைத்த மாத்திரத்தில் ஷிரோகாமி கூராகும் வேகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் மறுபடி ஸ்டெயின்லெஸ் பக்கம் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிப்பது இதனால்தான். வாழைப்பூவும் வாழைக்காயும் மாங்காயும் நறுக்கினால் அலகு கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு துருவல்ல, அப்படியே விடலாம். செம்பழுப்பாக வந்தால்தான் துரு, உடனே தேய்த்து எடுக்க வேண்டும். ஈரத்தோடு வைக்காமல் துடைத்து, கடலோர ஊர் என்றால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் போதும்.

லாரிப் பட்டையை அடித்துச் செய்யும் நம் ஊர் வெட்டுக்கத்தியும் அரிவாளும் ஸ்பிரிங் எஃகு. கார்பன் சுமார் 0.6 சதவீதம். இவற்றையும் இதே முறையில் தீட்டலாம். கோணம் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும்.

"ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்", "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டு எஃகின் எண்ணையோ கடினத்தையோ சொல்லாமல் விட்டிருந்தால், மலிவான மென்மையான ஸ்டெயின்லெஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 67 அடுக்கு டமாஸ்கஸ் என்பதும் அலங்காரம்தான். நடுவில் ஒரு கெட்டி எஃகு, இருபுறமும் 33, 33 அடுக்கு மென்மையான எஃகு. வெட்டுவது அந்த நடு எஃகு மட்டுமே. அலைஅலையான கோலத்துக்கும் கூருக்கும் சம்பந்தமில்லை. பழைய டமாஸ்கஸ் வாள்கள் வேறு சங்கதி: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண்கலத்தில் உருக்கிய எஃகு அவற்றுக்குப் போனது. அந்த எஃகில் என்னதான் இருக்கிறது என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே 1819-இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இன்றைய அடுக்குக் கத்திக்கும் அதற்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை.

எந்தக் கல்

ஒரே ஒரு தண்ணீர்க் கல் வாங்குங்கள். 1000 நம்பர். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம்.

நம்பர் கூடக் கூடத் துகள் சிறிதாகும். ஜப்பானியத் தர அளவில் 400 கல்லின் துகள் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1000 கல்லில் 11.5, 3000 கல்லில் 4, 6000 கல்லில் 2. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரின் எண்கள் வேறு அளவுமுறை. பி1000 தாளின் துகள் 18 மைக்ரான். கல்லின் 1000-க்குச் சமமாகத் தாளில் வேண்டுமானால் பி1500-க்கும் பி2000-க்கும் நடுவில் தேட வேண்டும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் கறுப்புச் சாணைக்கல்லில் ஒரு பக்கம் கொரகொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் இருக்கும். சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் போன்றவர்கள் செய்வது, சிலிக்கன் கார்பைடு. அதன் நைஸ் பக்கம்கூடப் பொதுவாக 1000 அளவுக்கு நைஸாக இருக்காது. பொக்கை விழுந்த கத்தியைச் சீர் செய்யவும், வெட்டுக்கத்திக்கும் அது அருமையான கல், விலையும் குறைவு. நல்ல கத்திக்குக் கடைசிக் கல்லாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்டர் ஸ்டோன் எனப்படும் தண்ணீர்க் கற்களில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கிங் போன்ற பிராண்டுகள் தண்ணீரைக் குடிக்கும் கல். பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்ற பிறகே தொட வேண்டும். ஷாப்டன் குரோமாகு போன்றவை மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். இந்த இரண்டாம் வகையை, "ஊறினால் இன்னும் நல்லதுதானே" என்று வாளியில் போட்டுவைத்தால் கல் மிருதுவாகி வெடித்துவிடும். எண்ணெய் எந்த வாட்டர் ஸ்டோனிலும் படக் கூடாது.

மென்மையான ஸ்டெயின்லெஸ் கத்திக்கு 1000-க்கு மேல் செலவு செய்வது அநேகமாக வீண். தக்காளித் தோலைப் பிடிக்க நுண்ணிய ரம்பப் பல் மாதிரி கொஞ்சம் சொரசொரப்பு வாயில் வேண்டும். 6000-இல் அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்கினால் தோலில் வழுக்கும். மென்மையான எஃகில் அந்த மினுமினுப்பும் நாலு நாளில் போய்விடும். விஜி-10, ஷிரோகாமி என்று போகும்போது 3000 முதல் 6000 வரை ஒரு கல் கூடுதலாக இருக்கலாம்.

கோணம்

மென்மையான, 56-க்கும் கீழான கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 டிகிரி. 60-க்கு மேலான ஜப்பானியக் கத்திக்கு 12 முதல் 15. எலும்பு வெட்டும் கத்திக்கு 25 வரை. கெட்டி எஃகு மெல்லிய வாயைத் தாங்கும். மென்மையான எஃகை 12 டிகிரிக்குத் தீட்டினால் முதல் நாள் பிரமாதமாக வெட்டும், மறுநாள் வாய் மடிந்துவிடும். எஃகின் பெயரைத் தெரிந்துகொள்வதில் முக்கியமான லாபம் இதுதான்.

டிகிரியைக் கண்ணால் எப்படி அளப்பது என்று பலர் மலைத்துப்போவார்கள். அளவுகோல் போதும். கத்தியின் அகலத்தை, முதுகிலிருந்து வாய் வரை, அளந்துகொள்ளுங்கள். முதுகைக் கல்லிலிருந்து அந்த அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் 15 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் 20 டிகிரி. 45 மி.மீ. அகலக் கத்திக்கு 15 டிகிரி என்றால் முதுகு சுமார் 12 மி.மீ. மேலே நிற்க வேண்டும். உருளைக்கிழங்கில் 12 மி.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கல்லின் மேல் வைத்து, முதுகை அதில் சாய்த்துப் பாருங்கள். கை அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டதும் துண்டை எடுத்துவிடலாம். நடுவில் சந்தேகம் வந்தால் மறுபடி வைத்துப் பார்க்கலாம்.

கடையில் கிளிப் மாதிரி முதுகில் மாட்டும் கோணச் சாதனம் விற்கிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. கத்தியின் நுனிப் பக்கம் அகலம் குறையக் குறைய அது கோணத்தை மாற்றிவிடும், கை பழகவும் விடாது.

தீட்டும் முறை

கல்லுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள்; கல் இம்மியும் நகரக் கூடாது. கல்லின் உயரம் உங்கள் இடுப்பளவில் இருந்தால் தோள் வலிக்காது. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர்.

தொடங்கும் முன் கத்தியின் வாயை விளக்குக்கு நேரே மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் தெரியாது. எங்கெல்லாம் வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னுகிறதோ அங்கெல்லாம் மழுங்கியிருக்கிறது, அல்லது பொக்கை விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொக்கை என்றால் முதலில் கொரகொரப்பான கல்லில்தான் ஆரம்பிக்க வேண்டும். 1000-இல் மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.

வாயை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் இருபுறமும் கோடு இழுத்துவிடுங்கள். நாலைந்து முறை தேய்த்ததும் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். மை சரிவின் மேல் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறீர்கள், வாய் கல்லைத் தொடவே இல்லை. வாயை ஒட்டிய ஓரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகை அதிகம் உயர்த்திவிட்டீர்கள். மொத்தமாகப் போயிருந்தால் சரி. புதிதாகத் தீட்டுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் தவற்றையே செய்வார்கள்: வாயைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் முதுகைத் தாழ்த்திப் பிடித்து, அரை மணி நேரம் சரிவின் மேல் ஓரத்தை மட்டும் தேய்த்துவிட்டு, கத்தி மொண்ணையாகவே இருக்கிறதே என்பார்கள். மார்க்கர் அதைப் பத்து விநாடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரலை முதுகின் மேல் வையுங்கள். வாய் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். கத்தி கல்லுக்குக் குறுக்கே நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்வாகப் படுக்கட்டும். இடது கையின் இரண்டு விரல்களை அலகின் மேல், வாயை ஒட்டி, கல்லுக்கு நேர் மேலே அழுத்துங்கள். அந்த விரல்கள் எங்கே இருக்கின்றனவோ அந்த இடம்தான் தேயும். விரல் கல்லைத் தொட்டால் தோலும் சேர்ந்து தேயும். வேலையின் மும்முரத்தில் தெரியாது, ராத்திரி ரசம் பிசையும்போது எரியும்.

கத்தியை உங்களிடமிருந்து விலக்கித் தள்ளும்போது முதுகு முன்னே போகும். அப்போது அழுத்துங்கள். திரும்பி வரும்போது வாய் முன்னே வரும்; அப்போது அழுத்தத்தை விட்டு, கோணம் மாறாமல் சும்மா கொண்டுவாருங்கள். எவ்வளவு அழுத்துவது? சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ காட்டினால் போதும். கடைசிக் கட்டத்தில் அரைக் கிலோவுக்கும் கீழே.

கத்தியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கைப்பிடியை ஒட்டிய பகுதி, நடு, நுனி. ஒவ்வொரு பகுதியிலும் இருபது முப்பது முறை போய்வந்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். நுனிப் பக்கம் வாய் வளைந்து மேலேறும் என்பதால், அங்கே போகும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும்; இல்லாவிட்டால் நுனி மொண்ணையாகவே நிற்கும். கல்லில் சேரும் சாம்பல் நிறச் சேற்றை அடிக்கடி கழுவாதீர்கள். வெட்டித் தேய்ப்பதில் அதற்கும் பங்குண்டு. காய்ந்தால் மட்டும் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

இப்போது பிசிறு. ஒரு பக்கம் தேயத் தேய, வாயின் கடைசி ஓரத்தில் இருக்கும் எஃகு மறுபக்கம் மடிந்து எழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்க்காத பக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை மெதுவாக இழுத்து வாய்க்கு அப்பால் விட்டுவிடுங்கள். வாயின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். பிசிறு இருந்தால் விரல் நுனியில் சன்னமாகப் பிடித்து இழுக்கும். விரலை நம்ப முடியவில்லையா, ஒரு துண்டுப் பஞ்சை அதே திசையில் இழுத்துப் பாருங்கள், இழை மாட்டும்.

கைப்பிடியிலிருந்து நுனி வரை, ஒரு மில்லிமீட்டர் விடாமல் பிசிறு தட்டுப்பட வேண்டும். நடுவில் ஒரு விரற்கடை தூரம் இல்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி தேயுங்கள். முழுவதும் எழாமல் கத்தியைத் திருப்பவே கூடாது. எத்தனை முறை தேய்ப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். எண்ணிக்கை கத்திக்குக் கத்தி மாறும். பிசிறு எழுந்தால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது, எழாவிட்டால் முடியவில்லை, அவ்வளவுதான். மென்மையான எஃகில் இது சீக்கிரம், பெரிதாக எழும். எஸ்ஜி2 மாதிரி எஃகில் ரொம்ப நேரம் கழித்து, சின்னதாக எழும், பொறுமை வேண்டும்.

அப்புறம் கத்தியைத் திருப்புங்கள். இப்போது வாய் உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்க்கும். அழுத்தம் உங்களை நோக்கி இழுக்கும்போது. இங்கேயும் முதுகு முன்னே வரும் திசையில்தான். மறுபடி மூன்று பகுதிகள், மறுபடி பிசிறு, இந்த முறை முதல் பக்கத்தில்.

பிசிறைக் கழிப்பது

தீட்டி முடித்ததும் காகிதத்தை அறுத்துப் பார்த்தால் சர்ரென்று போகும். சந்தோஷத்தில் நிறுத்திவிட்டால் இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் கூர் காணாமல் போகும். ஏன் என்றால், அறுத்தது கத்தியின் வாயல்ல, நிமிர்ந்து நின்ற பிசிறு. மெல்லிய கம்பி ஒன்று வாயோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் நாலு தட்டுப் பட்டதும் அது மடிந்தோ ஒடிந்தோ போகும், பின்னால் மழுங்கிய வாய் இருக்கும். "தீட்டினேன், ஒரு நாள்தான் தாங்கியது" என்று யாராவது சொன்னால், எஃகைப் பற்றிப் பேசாமல் பிசிறைப் பற்றிக் கேளுங்கள்.

கழிக்கும் வழி இது. அழுத்தத்தைப் பாதியாக்கி இந்தப் பக்கம் ஐந்து முறை, அந்தப் பக்கம் ஐந்து முறை. பிறகு மூன்று, மூன்று. பிறகு கத்தியின் எடை மட்டுமே கல்லில் விழும்படி பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு முறை. இந்தக் கடைசிச் சுற்றில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்: வாய் முன்னே செல்ல, கல்லின் மேல் மெல்லிய ஏட்டைச் சீவுவது போன்ற கையசைவு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இருபக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் அழுத்தம் இன்னும் அதிகம் என்று அர்த்தம்.

ஷிரோகாமி போன்ற கார்பன் எஃகில் பிசிறு சொன்னபடி கேட்டு உதிர்ந்துவிடும். மென்மையான ஸ்டெயின்லெஸ்ஸில் அது ஒரு பிடிவாதக்காரன். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம். அப்போது ஒரு மென்மரத் துண்டின் ஓரத்தில் வாயை அழுத்தாமல் ஒருமுறை இழுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த இழை மரத்தில் நின்றுவிடும். பிறகு மறுபடி கல்லில் பக்கத்துக்கு இரண்டு மென்மையான தேய்ப்பு. கடைசியாக, காய்ந்த கல்லின் மேல் செய்தித்தாளை விரித்து, அல்லது பழைய ஜீன்ஸ் துணியை இழுத்துக் கட்டி, முதுகு முன்னே செல்லும்படி பக்கத்துக்குப் பத்து முறை இழுங்கள்.

கூரைச் சோதிக்கக் கையில் இருக்கும் மயிரைச் சிரைத்துக் காட்டுவதெல்லாம் வித்தை காட்டும் வேலை. சமையலறைக்குத் தக்காளி போதும். பலகையில் பழுத்த தக்காளியை வைத்து, கையால் பிடிக்காமல், கத்தியின் எடையோடு மட்டும் மெதுவாக இழுங்கள். தோல் அமுங்காமல் பிளந்தால் ஆயிற்று. செய்தித்தாளைக் கைப்பிடி முதல் நுனி வரை முழு நீளத்திலும் அறுத்துப் பாருங்கள்; ஏதாவது ஓரிடத்தில் மாட்டினால் அந்த இடத்தில் பொக்கையோ பிசிறோ பாக்கி இருக்கிறது.

6000 கல் இருந்தால், 1000-இல் பிசிறைக் கழித்த பிறகே அதற்குப் போங்கள். 1000-இல் மழுங்கலாக இருந்த கத்தியை 6000 கூராக்காது, பளபளப்பான மழுங்கலாக ஆக்கும். தீட்டி முடித்ததும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கல்லின் துகளும் எஃகின் துகளும் அதில் ஒட்டியிருக்கும்.

ஒருபக்கம் மட்டும் சரிவுள்ள யனகிபா, உசுபா போன்ற ஜப்பானியக் கத்திகளுக்கும், ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்திக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

கல்லையும் கவனிக்க வேண்டும்

கல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும், கொஞ்ச நாளில் குழி விழும். குழிந்த கல்லில் எந்தக் கோணமும் நிற்காது. பென்சிலால் கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தட்டையான கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ 120 அல்லது 220 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். நடுவில் கோடு கடைசியாகத்தான் அழியும். அது அழிந்ததும் கல் சமமாகிவிட்டது. அடிக்கடி தீட்டுகிறவர்கள் 140 நம்பர் வைரத் தகடு ஒன்று வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கல்லின் ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சில்லு தெறிக்கும். ஊறிய கல்லை நிழலில்தான் காயவைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.

தீட்டிய பிறகு

கூரைக் கொல்வது காய்கறியல்ல, அடியில் இருப்பது. கடப்பாக்கல் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை மூன்றிலும் ஒருவேளை நறுக்கினாலே தீட்டிய வேலை பாழ். மரப்பலகையோ கெட்டி குறைந்த பிளாஸ்டிக் பலகையோ வேண்டும். நறுக்கியதை வாயால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். 60-க்கு மேல் கடினமான கத்தியால் தேங்காய் உடைப்பது, எலும்பு வெட்டுவது, சேனையிலோ பரங்கியிலோ குத்திப் பக்கவாட்டில் நெம்புவது எல்லாம் கூடாது. பொக்கை விழுவது வெட்டும்போதைவிட நெம்பும்போதுதான்.

வரிவரியாக இருக்கும் இரும்புக் கம்பியில் கத்தியைத் தட்டித் தேய்ப்பது மென்மையான ஜெர்மன் வகைக் கத்திகளுக்கு நல்லது. மடிந்த வாய் நிமிரும். கெட்டியான ஜப்பானியக் கத்தியை அதில் தேய்த்தால் வாய் நொறுங்கும். அதற்குச் செய்தித்தாள் இழுப்போ, 1000 கல்லில் பக்கத்துக்கு நாலைந்து மென்மையான தேய்ப்போ போதும். தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிப்பவர் அரிவாள்மனைக்கு ஏற்றவர். காய்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறிப் பதம் இறங்கிவிடும் என்பதால் விலை கொடுத்து வாங்கிய கத்தியை அவரிடம் நீட்ட வேண்டாம்.

ஒரு வருஷம், இரண்டு வருஷம் தீட்டிய பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். காகிதம் அறுக்கும், தக்காளி வெட்டும், ஆனால் கேரட்டில் வைத்தால் வெட்டாமல் 'டக்' என்று பிளக்கும். கத்தியின் அலகு முதுகை நோக்கிப் போகப் போகத் தடிமனாகும் அல்லவா, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் கொஞ்சம் மேலேறி அந்தத் தடித்த பகுதிக்கு வந்துவிட்டது. இதற்குக் கூராக்குவதால் பயனில்லை, மெலிய வைக்க வேண்டும். கொரகொரப்பான கல்லில் கத்தியைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து, முதுகு சில மில்லிமீட்டர் மட்டும் மேலே நிற்கும்படி, வாய்க்கு மேலே உள்ள ஒரு சென்டிமீட்டர் அகலத்தை இருபுறமும் தேயுங்கள். அலகில் கீறல் விழும், டமாஸ்கஸ் கோலம் இருந்தால் அதுவும் அந்த இடத்தில் மங்கும். கேரட் பிளக்காமல் சீவப்படும்வரை தேய்த்துவிட்டு, மறுபடி 1000 கல்லில் வழக்கமான கோணத்துக்கு வாருங்கள்.